பொறி பார்த்த கொட்டில்

ஊர்காவற்றுறையில் இரும்புக்கு ஆயுள் குறைவு. இந்த மாரிக்குக் கூரையில் அடித்த ஆணி அடுத்த மாரிக்குத் தலையில்லாமல் நிற்கும். கிணற்றுக் கப்பி, சைக்கிள் செயின், கதவுக் கொண்டி என்று அசைகிற எதற்கும் தேங்காய் எண்ணெயோ பழைய இஞ்சின் ஒயிலோ பூசிப் பூசித்தான் காலத்தைக் கடத்துவார்கள். அப்படியொரு ஊரில், கடல் மட்டத்துக்குச் சற்று மேலே, உப்புத் தூவானத்தில் நனைந்துகொண்டே மின்சாரத்தை உண்டாக்கிப் பொறி தெறிக்க வைக்கும் ஓர் இயந்திரத்தை நம்பி ஆட்கள் வள்ளம் எடுத்தார்கள். பொறி நின்றுபோனால் அதை மறுபடி வரவழைக்க இறங்குதுறையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு கொட்டில் இருந்தது. அது என் அம்மானுடையது.

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து வருவதானால் பண்ணைப் பாலத்தைத் தாண்ட வேண்டும். அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை, சரவணை, நாரந்தனை, கரம்பொன் என்று ஊர்கள் ஒவ்வொன்றாகக் கழிந்து, தெரு போய்க் கடலில் முட்டி நிற்கும் இடம் ஊர்காவற்றுறை. எதிரே காரைநகர். இடையில் ஒடுங்கிய கடல். ஆட்களையும் வாகனங்களையும் அக்கரைக்குக் கொண்டுபோகப் ‘பாதை’ என்ற மிதவை ஓடும். தண்ணீருக்கு நடுவே கடற்கோட்டை தெரியும். போர்த்துக்கேயர் கட்டி, 1658 இல் ஒல்லாந்தர் கைக்கு மாறிய கோட்டை அது. அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் போகிற லோஞ்சுகள் துறையில் கட்டி நிற்கும். அவை டீசலில் ஓடுபவை. டீசல் இஞ்சினுக்குப் பொறி வேண்டியதில்லை; காற்றை அமுக்கும்போது பிறக்கிற சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். அதனால் லோஞ்ச்காரர்கள் அம்மானிடம் தேத்தண்ணி குடிக்கவும் ஊர்க்கதை பேசவும்தான் வருவார்கள். வேலை கொண்டுவருகிறவர்கள் சின்ன வள்ளக்காரர்: நண்டுக்கும் இறாலுக்கும் போகிறவர்கள், வள்ளத்தின் பின்பக்கம் கொழுவிய பெற்றோல் மோட்டரைத் தோளில் சுமந்துகொண்டு, ஒயில் சொட்டச் சொட்ட, விடிகாலையில் வந்து வாசலில் இறக்கி வைப்பார்கள்.

கொட்டில் பெரியதல்ல. பனங்கப்பும் பனஞ்சிலாகையும் போட்டுக் கிடுகால் வேய்ந்தது. நிலத்துக்குச் சுண்ணக்கல் தட்டியிருந்தார்கள். முன்பக்கம் முழுவதும் வெளிச்சம். தென்னங்குற்றியில் பூட்டிய ஒரு ‘வைஸ்’, தகரப் பேணிகளில் தரம் பிரித்த திருகாணிகள், சுவரில் தொங்கும் குறடுகள். பின் மூலையில் மட்டும் கோணிச் சாக்குகளைத் தைத்து ஒரு படங்கு தொங்கும். உள்ளே நடுப்பகலிலும் கும்மிருட்டு. ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் அங்கே அரிசி மூட்டையோ ஆட்டுக்குட்டியோ இருக்கும் என்று நினைப்பார்கள். இருட்டைத் தவிர அங்கே எதுவும் இருக்கவில்லை. பொறியை இருட்டில்தான் பார்க்க வேண்டும் என்பதற்காக அம்மான் அதைக் கட்டி வைத்திருந்தார்.

அந்தக் கொட்டில் ஏன் அவ்வளவு முக்கியமாக இருந்தது என்பது 1970 களில் இலங்கையில் வாழ்ந்தவர்களுக்கு விளக்காமலே விளங்கும். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர்கள் மிளகாயும் வெங்காயமும் விற்று நிமிர்ந்த காலமும் அதுதான், ஒரு பிளக்குக்காகக் கடை கடையாக ஏறி இறங்கிய காலமும் அதுதான். உடைந்ததை வீசிவிட்டுப் புதிது வாங்குவது என்ற யோசனைக்கே இடமில்லை. திருத்த வேண்டும். திருத்த முடியாவிட்டால் வேறொன்றிலிருந்து கழற்றிப் பொருத்த வேண்டும். அதுவும் முடியாவிட்டால் செய்ய வேண்டும்.

வந்த மோட்டர்களில் என் மனதில் அழியாமல் நிற்பது ஒரு பிரிட்டிஷ் சீகல். கரம்பொன் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் கொண்டுவருவார். அப்போதே அது பழங்காலத்துச் சாமான். பித்தளைத் தாங்கி, நீண்ட கால், மேலே மூடியில்லாமல் சுற்றும் பிளைவீல். 1931 இல் இங்கிலாந்தின் வுல்வர்ஹம்ப்ரனில் பிறந்த இனம். பின்னர் பூல் துறைமுகத்துக்கு இடம் மாறி, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படைக்காக ஏராளமாகச் செய்யப்பட்டு, 1996 வரை ஏறக்குறைய அதே உருவத்தோடு வந்துகொண்டிருந்தது. ஒற்றை உருளை, ஈரடிப்பு இஞ்சின். பத்துப் பங்கு பெற்றோலுக்கு ஒரு பங்கு ஒயில் கலக்க வேண்டும். ஓடினால் பின்னால் கடலில் வானவில் நிறத்தில் ஒரு படலம் நீளும். அந்தப் பெரியவருடையதில் கிளச் இல்லை. கயிற்றின் முடிச்சைப் பிளைவீலின் வெட்டில் மாட்டி, சுற்றி, இழுத்தால், இஞ்சின் பிடித்த கணமே வள்ளம் பாயும். அணியத்தில் எழும்பி நிற்பவர் கடலில்தான். சுற்றுகிற பிளைவீலுக்குக் கிட்டச் சால்வையோடு போகக்கூடாது என்று அம்மான் ஒவ்வொரு முறையும் சொல்லுவார், கேட்பவர் நாற்பது வருடம் கடலோடியவராக இருந்தாலும்.

சீகலில் பற்றறி கிடையாது. இது அந்த வயதில் எனக்குப் பெரிய வியப்பு. காருக்குப் பற்றறி உண்டு, ரோர்ச்சுக்குப் பற்றறி உண்டு. இந்த மோட்டருக்கு மட்டும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது? அம்மான் பிளைவீலைக் கழற்றிக் கவிழ்த்துக் காட்டினார். உள்விளிம்பில் காந்தங்கள் பதித்திருந்தன. குறட்டைக் கிட்டக் கொண்டுபோனால் ‘டக்’ என்று பிடித்துக்கொள்ளும். கீழே அசையாமல் இருக்கும் தட்டில் ஒரு கொயில். மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்கிய கட்டையின் மேல் தடித்த செப்புக் கம்பியில் ஒரு சுருள். அதற்கு மேல் மயிரிலும் மெல்லிய கம்பியில் ஆயிரக்கணக்கான சுற்று. காந்தம் கொயிலைக் கடந்து ஓடும்போது தடித்த கம்பியில் கரண்ட் பிறக்கிறது. மைக்கல் ஃபரடே 1831 இல் கண்டுபிடித்த விஷயம் இவ்வளவுதான். ஆனால் இந்தக் கரண்டுக்குப் பிளக்கின் இடைவெளியைத் தாண்ட வலுவில்லை. அதற்குத்தான் பொயின்ற்.

பொயின்ற் என்பது மிளகளவு உலோகப் பொட்டு இரண்டு. வில் ஒன்று அவற்றைச் சேர்த்து அமுக்கி வைத்திருக்கும். தண்டில் உள்ள கேம் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தடவை அவற்றைப் பிரிக்கும். பிரிகிற கணத்தில் ஓடிக்கொண்டிருந்த கரண்ட் அறுபடுகிறது.

“ஓடுற பஸ் சட்டெண்டு பிறேக் போட்டால் உள்ளுக்கு நிக்கிறவைக்கு என்ன நடக்கும்?” என்று கேட்டார் அம்மான்.

“முன்னுக்குப் போய் விழுவினம்.”

“அதுதான் இஞ்சையும். கரண்டை மறிச்ச உடனை அந்த விசை முழுக்க மெல்லிய கம்பிக்குள்ளை பாயுது. பிறகு அதுக்குப் போக வேறை வழியில்லை. பிளக்கிலை பாஞ்சு தெறிக்குது.”

பல ஆயிரம் வோல்ற். உயரழுத்தப் பொறியைக் கொடுக்கும் மக்னெற்றோவை 1902 இல் ஜெர்மனியில் பொஷ் நிறுவனத்தின் கொட்லொப் ஹொனொல்ட் உருவாக்கினார் என்பதையும், அதற்குப் பிறகுதான் கார்களும் மோட்டார்சைக்கிள்களும் நம்பி ஏறக்கூடியவை ஆயின என்பதையும் நான் பல வருடங்கள் கழித்துப் புத்தகத்தில் படித்தேன். படித்தபோது புதிதாக விளங்கிக்கொள்ள அதில் ஒன்றுமிருக்கவில்லை. அந்தப் பஸ் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தது.

எங்கள் கடலுக்கு இரண்டு காலம். சோளகம் வீசும் மாதங்களில் காய்ந்த காற்றும் மணலும். அப்போது வருகிற மோட்டர்களுக்குக் காபரேற்றரில்தான் வருத்தம். சின்னத் துவாரத்தில் மணல் அடைத்திருக்கும். கழற்றிக் கழுவி ஊதினால் தீர்ந்தது. ஐப்பசியில் வாடை தொடங்கிவிட்டால் கதை வேறு. மழையும் உப்பும் சேர்ந்த அந்த ஈரம் கொயிலுக்குள் புகும், பொயின்ற்றில் பூக்கும், வயரின் வெடிப்பில் தங்கும். மாரி முழுக்கக் கொட்டிலில் பொறி வேலைதான். எந்தக் காற்றுக்கு எந்த வருத்தம் என்று அம்மான் மோட்டரைத் தொடாமலே பாதி சொல்லிவிடுவார். இங்கிலாந்திலிருந்து வந்த கைந்நூலில் சோளகமும் வாடையும் இல்லை. அந்தப் பக்கங்களை எழுதியது எங்கள் துறைதான் என்று நான் நம்புகிறேன்.

மோட்டர் வந்தவுடன் அவர் ஒன்றையும் கழற்றமாட்டார். முதலில் கேள்வி. ஓடிக்கொண்டிருக்கும்போது நின்றதா, பிடிக்காமலே போனதா? சட்டென்று நின்றதா, இருமி இருமி நின்றதா? சூடேறிய பிறகு நின்று, ஆறிய பிறகு பிடித்ததா? கடைசிக் கேள்விக்கு “ஓம்” என்றால் முகம் மாறும். சூட்டில் செத்து ஆறினால் உயிர்க்கிற மோட்டருக்குக் கொயிலிலோ கண்டென்சரிலோ கோளாறு. அது பெரிய வேலை. “இருமினது” என்றால் அது எண்ணெயின் பிழை, பொறிக்குச் சம்பந்தமில்லை. இந்தக் கேள்விகளைக் கேட்காமல், பார்த்ததும் “கொயிலை மாத்த வேணும்” என்று சொல்கிறவர்களைப் பிற்காலத்தில் பல ஊர்களில் கண்டிருக்கிறேன். அவர்கள் சாமான் விற்பவர்கள். திருத்துகிறவர்கள் என்று அவர்களை என்னால் சொல்ல முடியாது.

பிறகு படங்குக்குள்ளே. பிளக்கைக் கழற்றி, வயரை அதில் மாட்டி, பிளக்கின் உடலை உருளையின் இரும்போடு சேர்த்து வைத்து, “கண்ணை இருட்டுக்குப் பழக்கு” என்பார். நாங்கள் மௌனமாக நிற்போம். கண் பழகியதும் கயிற்றை இழுப்பார். நீலமாக, தடிப்பாக, ‘சடக்’ என்ற சத்தத்தோடு விழுந்தால் பொறி நல்லது. மஞ்சளாக, நூலாக, சத்தமில்லாமல் வந்தால் வருத்தம். ஒன்றுமே வராவிட்டாலும் அவர் கவலைப்படுவதில்லை. ஒன்றும் வராததற்குப் பெரும்பாலும் காரணம் சின்னது என்பார். பலமுறை அது உண்மையாகத்தான் இருந்தது. சில மாதம் ஓடாமல் கிடந்த மக்னெற்றோவில் பொயின்ற்றின் மேல் கண்ணுக்குத் தெரியாத பாசி பிடித்துவிடும். இரண்டு பொட்டும் தொட்டுக்கொண்டுதான் இருக்கும். கரண்ட் மட்டும் போகாது.

இனிப் பிளைவீலைக் கழற்ற வேண்டும். கூம்பான தண்டில் இறுகி உட்கார்ந்திருக்கும் அது இலேசில் வராது. நான் இரு கையாலும் விளிம்பைப் பிடித்து மேலே தூக்கிக்கொண்டிருக்க, அம்மான் நட்டை ஓரிரு புரி தளர்த்தி விட்டு, அதன் தலையில் பித்தளைச் சுத்தியலால் ஒரே ஒரு தட்டு. விளிம்பில் தட்ட விடமாட்டார். அடி விழுந்தால் காந்தம் வலு இழக்கும். கழற்றிய பிளைவீலைச் சும்மா வைக்கவும் விடமாட்டார். காந்தத்துக்குக் குறுக்கே ஓர் இரும்புத் தகட்டைப் போட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை. அந்தக் காலத்துக் காந்தங்கள் துணையில்லாமல் கிடந்தால் மெலிந்துவிடும். அதற்கென்றே லொறியின் பழைய வில்லுத் தகட்டில் ஒரு துண்டு ஆணியில் தொங்கியது. வேறெதற்கும் அதை எடுக்க யாருக்கும் அனுமதியில்லை.

பொயின்ற்றைத் துப்புரவாக்க அவர் அரத்தைத் தொடுவதில்லை. மிக நொய்ந்த எமறித் தாளை இரண்டாக மடித்து, பொட்டுகளுக்கு நடுவே விட்டு, மெல்ல இரண்டு இழுவை. எமறித் தூள் ஒன்றுகூட மிஞ்சக்கூடாது என்று பிறகு சிகரெட் பெட்டியின் மட்டையை வெட்டிப் பெற்றோலில் நனைத்து இழுப்பார். மட்டை கறுப்பாக வரும். இன்னொன்று. சாம்பல் நிறமாக வரும். வெள்ளையாக வரும்வரை மட்டை வெட்டித் தருவது என் வேலை. ஒரு பொட்டில் குழியும் மற்றதில் மேடும் விழுந்திருந்தால் கண்டென்சரைப் பார் என்று அர்த்தம். பொயின்ற் பிரியும்போது கரண்ட் அங்கேயே தாவிவிடாமல் தாங்கிக்கொள்வதுதான் கண்டென்சரின் தொழில். அது செத்தால் பொறி பிளக்கில் விழாமல் பொயின்ற்றில் விழுந்து அதைத் தின்னும். சீகலுக்குரிய கண்டென்சர் கிடைக்காது. யாழ்ப்பாணத்து வாடகைக் கார்கள் அப்போது மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும். அவற்றின் டிஸ்ரிபியூட்டருக்குள் இருக்கும் கண்டென்சர் அளவில் ஏறக்குறைய ஒத்துப்போகும். தட்டுக்குள் இடம் போதாது என்பதால் அதை வெளியே கொண்டுவந்து ஒரு தகட்டுப் பட்டியால் கட்டி விடுவார். எங்கள் கடலில் ஓடிய சில மோட்டர்களின் விலாவில் அப்படி ஒரு காரின் உறுப்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

இடைவெளி வைப்பதுதான் நான் மிகவும் விரும்பிப் பார்த்த வேலை. பொயின்ற் முழுதாகப் பிரியும்போது நடுவே அரை மில்லிமீற்றர் இருக்க வேண்டும். ஆங்கில அளவில் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் இருபது பங்கு. அதை அளக்கும் தகடுகள் அம்மானிடமும் இருந்தன. ஆனால் உப்புக் காற்றில் அவை துருப்பிடித்துத் தடித்துப்போயின. அவர் சவரப் பிளேட்டுக்கு மாறினார். இருபக்கமும் கூருள்ள பிளேட் ஒன்றின் தடிப்பு 0.1 மில்லிமீற்றர். ஐந்தை அடுக்கினால் அரை மில்லிமீற்றர். கூரைத் தீட்டுக்கல்லில் மழுக்கி, எண்ணெய் பூசி, மெழுகுத்தாளில் சுற்றி வைத்திருப்பார். ஐந்தையும் சேர்த்துப் பொட்டுகளுக்கு நடுவே விட்டு இழுக்கும்போது விரலில் ஒரு சின்னத் தடக்கம் தெரிய வேண்டும். இறுகவும் கூடாது, வழுக்கவும் கூடாது. அந்தத் தடக்கத்தை என் விரலுக்குப் பழக்க அவர் என் கையைப் பிடித்து இழுத்தது இன்னும் தோலில் இருக்கிறது. பிளக்கின் இடைவெளிக்கும் அதே ஐந்து பிளேட்தான்.

கொயில் நனைந்து வந்தால் முதலில் வெயில். மழை நாளென்றால் மாமியின் அடுப்புக்கு மேலே பரணில் துணியில் சுற்றி வைத்துவிடுவார். அவசரப்படுத்தினால் உள்ளேயிருக்கும் பூச்சு உருகி ஓடும். பிறகு கம்பியும் கம்பியும் தொட்டுக் கொயில் ஒன்றுக்கும் உதவாது. நன்றாக உலர்ந்த பிறகு, தளபாடத்துக்கு மினுக்குப் பூசுகிறவர்கள் செய்வதுபோலக் கொம்பரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, தூரிகையால் ஒரு பூச்சு, காய்ந்த பின் இன்னொன்று. அந்த அரக்கு வாசமும் மீன் குழம்பு வாசமும் கலந்ததுதான் எனக்கு ஐப்பசி மாதம். மாமி அதற்காக ஒருநாளும் முறைப்பட்டதில்லை. மழைக்குள் கடலுக்குப் போகிறவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமே என்பார்.

கடலுக்குள் விழுந்த மோட்டர் வந்தால் ஊரே கூடிவிடும். அலையில் வள்ளம் புரண்டோ, கொழுவி கழன்றோ அப்படி நேரும். விழுந்த மோட்டரைத் தூக்கிக் கரையில் உலர விடுவதைவிடக் கெடுதல் வேறில்லை. காற்றுப் பட்டதும்தான் உப்பு தன் வேலையைத் தொடங்கும். உடனே நல்ல தண்ணீருக்குள் அமிழ்த்த வேண்டும், கழற்றுகிற நேரம் வரும்வரை அதிலேயே கிடக்க வேண்டும். இங்கேதான் தீவகத்தின் வலி. எங்கள் கிணறுகள் பலதில் உவர். நல்ல தண்ணீர் தூரத்திலிருந்து குடத்திலும் வண்டியிலும் வர வேண்டும். குடிக்க வைத்திருந்த தண்ணீரைப் பீப்பாவுக்குள் ஊற்றி மோட்டரை அதற்குள் இறக்குவார்கள். அக்கம்பக்கத்து வீட்டுப் பெண்கள் ஆளுக்கொரு குடம் கொண்டுவந்து ஊற்றிவிட்டுப் போவதைக் கண்டிருக்கிறேன். யாரும் கேட்டு அவர்கள் கொண்டுவருவதில்லை. அந்த மோட்டர் பிழைத்தால் ஒரு குடும்பம் பிழைக்கும் என்பது துறையில் எல்லோருக்கும் தெரியும்.

1977 இல் இறக்குமதிக் கதவுகள் திறந்தன. ஜப்பான் மோட்டர்கள் வந்து குவிந்தன. மண்ணெண்ணெயில் ஓடுகிறவையும் அவற்றில் இருந்தன: பெற்றோலில் பிடிக்க வைத்து, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. போகப் போகப் பொயின்ற்றே இல்லாத இலெக்ரோனிக் மக்னெற்றோ வந்தது. தேய்வதற்கும் துருப்பிடிப்பதற்கும் அதில் ஒன்றுமில்லை. பழுதானால் பெட்டியோடு மாற்ற வேண்டும். கடலோடிகளுக்கு அது பெரும் நிம்மதி, அதை நான் மறுக்கமாட்டேன். நடுக்கடலில் மழைக்குள் நின்று பொயின்ற் துடைக்க யாருக்குத்தான் விருப்பம்? அம்மானுக்கும் அதில் கசப்பு இருக்கவில்லை. புதுப் பெட்டிகளையும் பிரித்துப் பார்த்தார். உள்ளே பிசின் ஊற்றி மூடியிருந்தார்கள். “இதுக்குள்ளை கேள்வி கேக்க இடமில்லை” என்று சொல்லி மூடி வைத்தார். அவ்வளவுதான்.

1990, 1991 இல் போரால் தீவகத்தின் பெரும்பாலான சனம் யாழ்ப்பாணப் பக்கம் இடம்பெயர்ந்தது. அம்மான் வலிகாமத்தில் ஒரு வீட்டுத் தாழ்வாரத்துக்கு வந்து சேர்ந்தார். குறடுகளையும் பிளேட் பொட்டலத்தையும் லொறி வில்லுத் துண்டையும் கொண்டுவந்திருந்தார். குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை, ரோர்ச் பற்றறி இல்லை, மின்சாரம் இல்லை. கடல் வேலைக்கென்று இருந்த அவருடைய கைக்கு அங்கேதான் பெரிய தேவை வந்தது. செய்தி கேட்க ரேடியோவுக்குப் பற்றறி இல்லாத சனம் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைச் சுற்றி டைனமோவில் மின்சாரம் எடுத்தது. டைனமோவும் மக்னெற்றோவின் சகோதரம்தான். அங்கேயும் காந்தமும் கம்பிச் சுருளும்தான். அதிலிருந்து வருவது முன்னும் பின்னும் ஆடுகிற கரண்ட். ரேடியோவுக்கு ஒரே திசையில் ஓட வேண்டும். செத்த ரேடியோக்களிலிருந்து டயோட்டும் கண்டென்சரும் கழற்றி, ஒரு சோப்புப் பெட்டிக்குள் அடக்கி, அம்மான் செய்து கொடுத்தார். மாலையில் ஒருவர் மிதியைச் சுற்ற, பத்துப் பதினைந்து பேர் சுற்றி நின்று செய்தி கேட்பார்கள்.

மோட்டார்சைக்கிள்களும் மண்ணெண்ணெய்க்கு மாறிய காலம் அது. சின்னப் போத்தலில் பொன்போலக் காத்த பெற்றோலை ஒரு சொட்டு விட்டு உதைத்து, பிடித்த பின் மண்ணெண்ணெயில் ஓடுவார்கள். குளிர்ந்த இஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. எரியாத பங்கு கரியாகிப் பிளக்கை மூடும். பிளக்கைச் சுட்டு, கம்பித் தூரிகையால் தேய்த்து, இடைவெளியைச் சரியாக்கி அதையே மறுபடி போட வேண்டும். கிளாலிக் கடலேரியால் இரவில் ஆட்களை ஏற்றிப்போன நாட்களில், ஒரு மோட்டர் பூட்டிய படகின் பின்னால் மற்றப் படகுகளைத் தொடுத்துக் கட்டி இழுப்பார்கள். அந்த ஒரு மோட்டரின் பொறியை நம்பி அத்தனை படகுச் சனமும் இருட்டுக்குள் இருக்கும். கிளாலிக்குப் போகிற மோட்டர் என்று சொல்லிக் கொண்டுவந்தால் அம்மான் வேறு எந்த வேலையையும் தள்ளி வைத்துவிடுவார். பொறி பார்க்க அங்கே படங்கு தேவைப்படவில்லை. ஊர் முழுக்க இருட்டு.

1995 ஒக்ரோபர் முப்பதாம் திகதி வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்தபோது அவரும் நடந்தார். வன்னியில் காலமானார். அந்தக் கருவிகள் எங்கே போயின என்று கேட்டறிய ஆளில்லை.

போர் முடிந்து சில வருடங்களின் பின் ஊர்காவற்றுறைக்குப் போனேன். கடற்கோட்டையில் கடற்படை ஒரு விடுதி நடத்துகிறது. கொட்டில் இருந்த இடத்தில் எருக்கலை. சுண்ணக்கல் தரையின் ஒரு மூலை மட்டும் மண்ணுக்கு மேலே தெரிந்தது. துறையில் நின்ற படகுகளில் கண்ணாடி நார்ப் படகுகள்தான் கூட; மோட்டர்கள் எல்லாம் மூடியும் விசையுமாக அழகாக இருந்தன. ஒரு பெடியன் ஒரு கையால் இழுத்தான், முதல் இழுவையிலேயே பிடித்தது. எனக்கு மெய்யாகவே சந்தோஷமாக இருந்தது.

மருமகன் முறையான ஒருவன் கரம்பொன்னில் மீளக் குடியேறியிருந்தான். வீட்டுப் பின்வளவில் ஓடுகளுக்குக் கீழே கிடந்ததென்று ஒரு சீகலை இழுத்துவந்து காட்டினான். பித்தளைத் தாங்கியை யாரோ கழற்றிப்போயிருந்தார்கள். பிளைவீல் அசையவில்லை. உருளைக்குள் டீசலும் ஒயிலும் விட்டு ஊறவைத்திருக்கிறேன், மாமா, கொஞ்சம் இளகுகிற மாதிரித் தெரிகிறது என்றான். அவன் அப்படித் தானாகவே யோசித்துச் செய்திருந்தது எனக்குப் பிடித்துப்போனது. இரண்டு பேருமாகச் சுற்றிச் சுற்றி அசைத்தோம். மூன்றாம் நாள் பின்னேரம் முழுச் சுற்றுச் சுற்றியது. பிளைவீலைக் கழற்றினோம். காந்தம் மெலிந்திருந்தது, ஆனால் குறட்டைப் பிடித்தது. பொயின்ற்றின் மேல் பச்சையாகப் பூத்திருந்தது. மேல் பெயரிங்கால் ஒயில் ஏறித் தட்டு முழுக்கப் பிசுபிசுப்பு. பழைய சீகல்களுக்கே உரிய வருத்தம் அது. கொயில் மட்டும் ஒரு வெடிப்பும் இல்லாமல் இருந்தது.

இடைவெளி வைக்கப் பிளேட் தேவை என்றேன். அவன் வீட்டில் எல்லோரும் பிளாஸ்ரிக் சவரக்கத்தி. தெருமுனைச் சலூனுக்கு ஓடினான். சலூன்காரர் பிளேட்டைப் பாதியாக முறித்துத்தான் கத்தியில் மாட்டுகிறவர். மூன்று பிளேட் கொடுத்து, முறித்தால் ஆறு பாதி வரும், எத்தனை வேண்டும் என்று கேட்டாராம். தடிப்பு ஒன்றுதானே, ஐந்து பாதி போதும். கூரை மழுக்கி அடுக்கினேன். பொட்டுகளுக்கு நடுவே விட்டு அவன் விரலில் கொடுத்து இழுக்கச் சொன்னேன்.

“இறுக்கமா இருக்கு மாமா.”

“கொஞ்சம் தளர்த்து. இப்ப?”

“இப்ப ஒரு தடக்கம் தெரியுது.”

பிளைவீலைப் பூட்டி, இருள விட்டு, மின்விளக்கை அணைத்துவிட்டு இழுத்தான். பிளக்கில் ஒன்றுமில்லை. ஆனால் உருளையின் பக்கத்தில், வயர் வளைகிற இடத்தில், நீலமாக ஒன்று சொடுக்கிப் பாய்ந்தது. மறுபடி இழுத்தான், மறுபடி அதே இடத்தில். இறப்பர் வெடித்த இடத்தால் பொறி இரும்புக்குப் பாய்கிறது. அப்படியானால் காந்தம் போதும், கொயில் நல்லது, கண்டென்சரும் பிழையில்லை. வயர் மட்டும்தான். மோட்டார்சைக்கிள் வயர் இதற்குச் சரிவருமோ என்று கேட்டான். செப்புக் கம்பி உள்ளதென்றால் வரும், கரி நார் உள்ளது வேண்டாம் என்றேன். வேலணைச் சந்தியில் கடை காலை ஒன்பது மணிக்குத்தான் திறக்கும் என்றான்.